இரண்டாவதாக இறங்கியவர்

“விஷவாயு தாக்கி இருவர் பலி.” ஆடி மாதத்தில் ஒரு நாள் எல்லா நாளிதழ்களிலும் இந்தத் தலைப்பு வந்தது. உங்களில் பலர் படித்திருப்பீர்கள், மறுநாள் மறந்தும் இருப்பீர்கள். இதே தலைப்பு வருடத்தில் பலமுறை வருகிறது. ஊர்ப்பெயர் மட்டும் மாறுகிறது. அந்த இருவரின் துக்கத்துக்கு நாங்கள் போயிருந்தோம். பதினாறாம் நாள் காரியத்துக்கும் போனோம்.

மூத்தவருக்கு வயது 38. பதினைந்து வயதிலிருந்து இதே வேலை. இளையவருக்கு 24. டிப்ளமோ முடித்துவிட்டு லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், மூத்தவரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. அவர் அன்று அந்த வீட்டுக்கு வேலைக்குப் போகவில்லை. மாமாவுக்கும் லாரிக்காரர்களுக்கும் தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு போனார். வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டுத் திரும்பியபோது தொட்டிக்குள் சத்தம் நின்றுபோயிருந்தது. “மாமா, மாமா” என்று இரண்டு தடவை கூப்பிட்டாராம். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. இறங்கிவிட்டார்.

அடுத்து லாரியின் உதவியாளரும் இறங்கப் போயிருக்கிறார். எதிரில் இட்லிக் கடை வைத்திருக்கும் பாட்டி ஓடிவந்து அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததில் சட்டை கிழிந்து இருவரும் விழுந்தார்கள். அந்தப் பையன் இன்று உயிரோடு இருக்கிறார்.

“ஒரே நாள்ல தாலியும் போச்சு, பொறந்த வீடும் போச்சு” என்றார் அந்தப் பெண். அதற்கு மேல் அவர் அன்று பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தலைப்புக்கு வருவோம். தமிழ் படித்த காரணத்தால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும் எழுவாயைத் தேடுவோம். இந்தத் தலைப்பில் தாக்கியது யார்? விஷவாயு. தொட்டியை அப்படிக் கட்டியவர், போன் போட்டு வரச்சொன்னவர், “கொஞ்சம்தான் இருக்கு, இறங்கி அள்ளிப் போட்ரு” என்று சொன்னவர், குவார்ட்டர் வாங்கிவரப் பணம் நீட்டியவர், இவர்களில் ஒருவருக்கும் அந்த வாக்கியத்தில் இடமில்லை. பாம்பு கடித்த மாதிரி, இடி விழுந்த மாதிரி, வாயு தாக்கிவிட்டது. செய்தியில் காணாமல் போகிறவர் பிறகு வழக்கிலும் காணாமல் போகிறார்.

அன்று என்னதான் நடந்தது? ஒரு குறுக்குவழி. ஒன்று என்று சொல்வதும் தப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல குறுக்குவழிகள்.

முதலாவது, வீடு கட்டும்போதே நடந்தது. கழிவுத் தொட்டிக்கு லாரிக் குழாய் போகும்படி வசதியான திறப்பு வேண்டும், காற்றுக் குழாய் வேண்டும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த வீட்டில் தொட்டி கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே இருந்தது. திறப்பு இரண்டடிக்கு இரண்டடி. மேலே டைல்ஸ் ஒட்டி மறைத்திருந்தார்கள். காற்றுக் குழாய் அசிங்கமாகத் தெரிகிறது என்று பாதியில் வெட்டி அடைத்துவிட்டார்கள். பதினான்கு வருடம் திறக்கவே இல்லை. அத்தனை வருடத்தில் அடியில் படிந்த கசடு களிமண்போல் இறுகிப்போயிருக்கும். லாரிக் குழாய் மேலே நிற்கும் தண்ணீரை இழுக்குமே தவிர அந்தக் களிமண்ணை இழுக்காது. தண்ணீரைப் பீய்ச்சி, கலக்கி, மறுபடி உறிஞ்ச வேண்டும். அதற்கு இரண்டாவது நடை லாரி வர வேண்டும், இன்னொரு லோடுக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஆளை இறக்கி மண்வெட்டியால் கலக்கிவிட்டால் அந்தப் பணம் மிச்சம்.

மூத்தவருக்குப் பேசிய கூலி 800 ரூபாய்.

இப்படி ஓர் ஆள் வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் காலனியில் சிலருடைய எண்கள் ஊர்த்தெருவில் பல போன்களில் ‘செப்டிக் டேங்க்’ என்றே பதிவாகியிருக்கின்றன. ஆளுக்குப் பெயர் கிடையாது. இந்திய அரசின் ‘நமஸ்தே’ திட்டத்தில் கணக்கெடுத்துப் பதிவு செய்த சாக்கடை, கழிவுத் தொட்டித் தொழிலாளர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் பட்டியல் சாதியினர். மக்கள்தொகையில் நாம் ஆறில் ஒருவர்தான். வேலையில் குறுக்குவழி எல்லா இடத்திலும் உண்டு. கொத்தனார் சாரத்தில் உண்டு, மின்கம்பத்தில் உண்டு, பட்டாசு அறையில் உண்டு. இந்த வேலையில் மட்டும், வழியைத் தேர்ந்தெடுப்பவர் மேலே நிற்கிறார், அதில் நடப்பவர் கீழே இறங்குகிறார். மேலே நிற்பவரின் சாதி வேறு, கீழே இறங்குபவரின் சாதி வேறு.

நம் பிள்ளைகள் வேதியியல் படிக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம், வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லுங்கள். காற்றில்லாத இடத்தில் மலமும் கழிவும் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. மீத்தேனும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அதனால் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு வந்துவிட்டால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றமே தெரியாது. “இப்ப வாடை கொறஞ்சிருச்சு” என்று இறங்கியவர் சொன்னால், வாடை குறைந்திருக்கலாம், அவருடைய மூக்கு செத்தும் போயிருக்கலாம். 500 பங்கைத் தாண்டினால் மயங்கி விழுவார். 1,000 பங்கு என்றால் சில மூச்சுகளிலேயே உயிர் போய்விடும். கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது. அதனால்தான் தொட்டிக்குள் சத்தம் ‘நின்றுபோகிறது’.

காலையிலேயே மூடியைத் திறந்து வைத்துவிட்டால் வாயு போய்விடும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. அந்த வீட்டிலும் நான்கு மணிநேரம் திறந்துதான் வைத்திருந்தார்கள். வாயு, மேலே மட்டும் மிதந்துகொண்டிருப்பதில்லை. கசடுக்குள் கரைந்து அடைபட்டுக் கிடக்கிறது. சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் எப்படிப் பொங்குகிறது? மண்வெட்டியால் முதல் தடவை கிளறும்போது அதேபோல் மொத்தமாக வெளியே வரும். நான்கு மணிநேரம் திறந்து வைத்ததால் ஒரு தைரியம் வந்ததே தவிர வேறு பயன் இல்லை.

விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது இன்னொன்று. கிணறு தூர்வாருகிறவர்களிடமிருந்து வந்த பழக்கம் இது. விளக்கு அணைந்தால் உள்ளே பிராணவாயு குறைவு என்று தெரியும், அது சரிதான். ஆனால் அணையாவிட்டால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. மனிதனைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் இடத்திலும் விளக்கு நன்றாக எரியும். மீத்தேன் நிறைந்திருந்தால் விளக்கே வெடிக்க வைக்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதும், கொரோனா காலத்து மாஸ்க்கை மாட்டிக்கொள்வதும் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. இடுப்பில் கட்டும் கயிறு? மயங்கிய ஆளை இடுப்பில் பிடித்துத் தூக்கினால் உடம்பு இரண்டாக மடங்கி இரண்டடித் திறப்பில் சிக்கிக்கொள்ளும். நாங்கள் விசாரித்த இன்னொரு சாவில் கயிறு கட்டியிருந்தும் மேலே கொண்டுவர முடியவில்லை.

சாராயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். துக்க வீட்டு வாசலிலேயே ஒருவர் சொன்னார், “குடிச்சிட்டு எறங்கினா சாகாம என்ன பண்ணுவான்?” கோபம் வந்தது. குடிக்காமல் அந்தக் குழியில் யாரால் இறங்க முடியும் என்று அவரிடம் கேட்டோம், பதில் இல்லை. குடித்தால் புத்தி மந்தமாகும், ஆபத்தை உணர்ந்து சட்டென்று மேலே ஏற முடியாது. இது உண்மை, நம் ஆட்களிடம் இதை நாங்கள் மறைப்பதில்லை. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு குடிக்காதவரையும் அதே வேகத்தில்தான் கொல்கிறது. குடிக்காத அந்த 24 வயதுப் பையன், மாமாவுக்கு அடுத்து சில நிமிடங்களில் இறந்தார்.

இன்னும் பலருக்குத் தெரியாத ஒன்று, புதுத் தொட்டி. ஒருவரும் பயன்படுத்தாத, ஒரு சொட்டு மலம்கூட விழாத தொட்டி. கான்கிரீட் மூடி போட்டுச் சில வாரம் கழித்து, உள்ளே இருக்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஆள் இறங்குவார். மயங்கி விழுவார். தமிழ்நாட்டில் இப்படிப் பல சாவுகள் நடந்திருக்கின்றன. உள்ளே தேங்கிய தண்ணீரும் ஊறி அழுகும் பலகையும் அடைபட்ட காற்றிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. 19.5-க்குக் கீழே போனால் இறங்கவே கூடாது, பத்துக்குக் கீழே போனால் நினைவு தப்பும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கட்டட வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள், “புது டேங்க்தானே” என்று மேஸ்திரி சொன்னால் நம்ப வேண்டாம். காற்றை அளக்க ஒரு கருவி உண்டு, உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒரு நல்ல செல்போன் விலைதான். அந்த மேஸ்திரி கையில் இருந்த செல்போனை நாங்களும் பார்த்திருக்கிறோம்.

இனி இரண்டாவதாக இறங்குகிறவர்.

மூடிய குழிகளில் பல சமயம் சாவு ஒருவரோடு நிற்பதில்லை. அண்ணன் விழுந்தால் தம்பி இறங்குவார், அப்பா விழுந்தால் மகன் இறங்குவார். நம் செய்தித்தாள்களில் ‘இருவர் பலி’, ‘மூவர் பலி’ என்று வருவது இதனால்தான். அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கை ஒன்றில், இப்படிப்பட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. பணக்கார நாட்டிலேயே அந்த நிலைமை. நம் ஊரில் இந்த வேலைக்குக் குடும்பமாகப் போகிறோம். உள்ளே கிடப்பவர் வேறு யாரோ இல்லை, மாமா. காலும் கையும் கேட்பதில்லை.

மாலை வகுப்பு நடக்கும் காலனிகளில் இப்போது இதைத்தான் முதலில் சொல்லித்தருகிறோம். ஒருவர் விழுந்துவிட்டால் மற்றவர்களைப் பிடித்து நிறுத்துங்கள். தள்ளிவிடுங்கள், கீழே போட்டு அமுக்கிக்கொள்ளுங்கள், அடித்தாலும் பரவாயில்லை. உடனே 101-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள். “டேங்க்குக்குள்ள ஆள் மயங்கிக் கெடக்கு” என்று தெளிவாகச் சொல்லுங்கள், அப்போதுதான் தீயணைப்பு வண்டி முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரோடு வரும். பக்கத்தில் காற்றடிக்கும் ஊதி இருந்தால் அதன் குழாயை உள்ளே விட்டு வெளிக்காற்றை அடியுங்கள். பீடி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. இவ்வளவுதான் வெளியே நிற்பவரால் முடியும். “அப்ப உள்ள இருக்கறவரு?” என்று ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்டது. அவரைக் காப்பாற்றும் நேரம் அவர் இறங்குவதற்கு முன்னால் இருந்தது என்று சொன்னோம். அந்தப் பதில் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, எங்களுக்கும் பிடிக்கவில்லை.

பத்திரமாக இறங்குவது எப்படி என்று எங்களிடம் கேட்காதீர்கள். இறங்க வேண்டாம் என்பதைத்தான் சொல்லித்தருகிறோம். லாரியால் முடியாவிட்டால் இரண்டாவது லோடு, மூன்றாவது லோடு. அப்படியும் முடியாவிட்டால் தொட்டியை இடித்துத் திறந்து இயந்திரத்தால் எடுக்கட்டும். டைல்ஸ் உடையும், உடையட்டும். சாக்கடை ஆள்குழிகளுக்கு இயந்திரம் வந்துவிட்டது. கேரளத்து இளம் பொறியாளர்கள் செய்த ‘பாண்டிகூட்’ 2018-ல் திருவனந்தபுரத்தில் இறங்கியது, தமிழ்நாட்டுக்கும் வந்தது. வீட்டுத் தொட்டிக்கு அவ்வளவு பெரிய இயந்திரம்கூடத் தேவையில்லை, தண்ணீர் பீய்ச்சும் மோட்டாரும் இன்னொரு நடை லாரியும் போதும். 14420 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கழிவு அகற்றும் ஊர்திக்கு ஏற்பாடு செய்யலாம். ஆளை இறக்குகிறார்கள் என்று புகாரும் சொல்லலாம். சொந்தமாகத் தொட்டி வைத்திருப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

சட்டத்தில் குறை இருக்கிறது, ஆனால் பலம் இல்லாமல் இல்லை. 1993-ல் ஒரு சட்டம் வந்தது, அது உலர் கழிப்பறையோடு நின்றுவிட்டது. 2013-ல் வந்த சட்டம்தான் சாக்கடையையும் கழிவுத் தொட்டியையும் சேர்த்தது. அதன் 7-ஆம் பிரிவு, ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலைக்கு வைக்கக்கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் விட முடியாத குற்றம். ‘நான் வீட்டுக்காரன்தானே, கம்பெனியா நடத்துறேன்?’ என்று தப்ப முடியாது. ‘யாரும்’ என்ற சொல்லில் வீட்டுக்காரரும் அடக்கம். ‘ஆபத்தான முறை’ என்பதற்குப் பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்குவது என்று விளக்கம் வைத்தார்கள் பாருங்கள், ஓட்டை அங்கேதான். ஒரு ஜோடி ரப்பர் கையுறையைக் காட்டி, கொடுத்தோமே என்கிறார்கள். தவிர்க்கவே முடியாது என்று சாக்கடையில் ஆளை இறக்குவதானால்கூட உள்ளாட்சியின் தலைமை அதிகாரி எழுத்தில் அனுமதி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மாதிரி ஒரு அனுமதிக் காகிதத்தை இத்தனை வருடத்தில் நாங்கள் ஒரு துக்க வீட்டிலும் பார்த்ததில்லை.

இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27-ல் தீர்ப்பளித்தது. 1993-லிருந்து இறந்த எல்லோருக்கும் அது பொருந்தும். 2023 அக்டோபர் 20-ல் சாக்கடை மரணத்துக்கு அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தனியார் கட்டடத்தில் நடந்த சாவுக்கு அரசு ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, முதலில் அரசு கொடுக்கட்டும், பிறகு உரியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று 2021-ல் அது சொன்னது. இந்த மூன்றையும் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் தேதி சொல்லிப் பேசினால் உட்காரச் சொல்கிறார்கள், எங்கள் அனுபவம்.

நாங்கள் போன துக்க வீட்டுக்கு என்ன கிடைத்தது? அடக்கம் முடிந்த மறுநாள் வீட்டுக்காரர் தரப்பு ஆள் ஒருவர் இரண்டு லட்சத்தோடு வந்தார். எழுதித் தயாராக வைத்திருந்த காகிதமும் கொண்டுவந்தார். ‘சொந்த விருப்பத்தின் பேரில் இறங்கியதில்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. பெண்ணின் மாமனார் கைநாட்டு வைக்கப் போனார், கடன்காரர்கள் வாசலில் நின்ற நேரம் அது. அவரைக் குறைசொல்ல எங்களால் முடியவில்லை. அந்த வரியைச் சத்தமாகப் படித்துக்காட்டியது காலனியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். காகிதம் திரும்பிப் போயிற்று.

காவல் நிலையத்தில் முதலில் பதிவானது இயற்கைக்கு மாறான மரணம் என்றுதான். முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கினோம். சம்பவம் நடந்த விதம் என்ற இடத்தில் அதே வாக்கியம், விஷவாயு தாக்கி. வேலை கொடுத்தவர் பெயர் எங்கேயும் இல்லை. 2013 சட்டத்தின் பிரிவுகளைச் சேர்க்க வேண்டும் என்று மனு எழுதினோம். பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ளும் வேலையில் ஈடுபடுத்துவதை 2015-ல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது, அந்தப் பிரிவையும் குறிப்பிட்டோம். மனுவில் அந்தப் பெண் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிய முதல் வாக்கியம் இது: ‘இன்னார் என் கணவரை வரவழைத்து, கூலி பேசி, தொட்டிக்குள் இறக்கினார்.’ இன்னார் என்ற இடத்தில் முழுப்பெயர், தகப்பனார் பெயர், கதவு எண்.

இட்லிக் கடைப் பாட்டி சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். கடையைக் காலி செய்யச் சொல்லி அவருக்கு இரண்டு தடவை ஆள் வந்துவிட்டது. லாரி உதவியாளர் இன்னும் தயங்குகிறார், அவருக்கு அந்த லாரியில்தான் பிழைப்பு. இரண்டு திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் போய் வந்தோம். இரண்டாவது தடவை கொடுத்த ரசீது எண்ணை அந்தப் பெண் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறார். வரும் திங்கள்கிழமையும் போகிறோம். காலை ஏழரை பஸ்.